டிக் டிக் சத்தம் வந்தால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள்

அழகர் ஆற்றில் இறங்கிய படங்களை வருடா வருடம் வெளி ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைக்கும் மதுரைக்காரர்களுக்கு இது. டிஸ்க் திறக்காமல், ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் ‘சரி’ கொடுக்கவே கொடுக்காதீர்கள். முதலில் கேபிளையும் யூஎஸ்பி போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள்.

டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். உள்ளே தகவலைப் படிக்கும் முனையான ஹெட், தகவல் பதிந்திருக்கும் தகட்டைக் கீறிக்கொண்டிருக்கலாம். ஓட ஓட இழப்புதான். டேட்டா ரெக்கவரி ஆளிடம் கொடுப்பதே வழி. ஃபிரீசரில் வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நம்ம ஊர் வெக்கையில் வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும்.

சத்தமில்லாமல் சுற்றுகிறதா? சரி, டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு முழு டிஸ்கையும் வேறொன்றில் நகல் எடுத்து, அந்த நகலில் படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் (PhotoRec) மென்பொருளை ஓட்டுங்கள். இரண்டும் இலவசம். ஃபைல் பெயர்கள் போய்விடும், படங்கள் பெரும்பாலும் கிடைக்கும். மீட்டதைப் பழைய டிஸ்கிலேயே சேமிக்காதீர்கள்.