டோனட்டுக்கு ஈடுகொடுக்கும் பீர்

டோனட்டையும் பீரையும் ஜோடி சேர்த்து நண்பர்களோடு ருசிப்பதில் முதல் தடவை நான் செய்தது சுத்தச் சொதப்பல். ஆறு பேருக்கு ஆளுக்கு மூன்று டோனட், மூன்று பாட்டில் என்று கணக்குப் போட்டு வாங்கி அடுக்கினேன். பாட்டில் எல்லாமே ஐபிஏ, கசப்புத் தூக்கலான பீர் வகை. அப்போது எனக்கு அதுதான் பிடிக்கும், வேறு காரணமில்லை. சாக்லேட் பூசிய டோனட்டை மென்ற வாயோடு ஒரு மடக்குக் குடித்த நண்பன் முகத்தைச் சுளித்து, "டேய், இது பீரா கஷாயமா?" என்றான். இரண்டாவது டோனட்டை யாரும் முடிக்கவில்லை.

அவன் சொன்னது சரிதான். இனிப்பு தின்ற நாக்குக்கு அடுத்து வரும் லேசான இனிப்பு உறைக்காது. கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். டோனட்டின் இனிப்புக்கு ஈடுகொடுக்க பீரில் ஏதாவது இருக்க வேண்டும்: மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியின் இனிப்பு, வறுத்த வாசம், பழப் புளிப்பு, இப்படி ஒன்று. அதனால் இப்போதெல்லாம் முதலில் டோனட்டைத் தீர்மானித்துவிட்டு அதற்குத்தான் பீர் தேடுகிறேன்.

அளவு விஷயத்தில் கஞ்சத்தனமே நல்லது. ஐந்து ஜோடி போதும். ஆறாவதில் நாக்கு மரத்துவிடும். ஒரு சுற்றுக்கு ஆளுக்கு 110 மில்லி. 330 மில்லி பாட்டில் ஒன்று மூன்று பேருக்கு வரும். ஆறு பேர் என்றால் வகைக்கு இரண்டு பாட்டில். டோனட்டும் வகைக்கு இரண்டு வாங்கி, ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் எட்டுத் துண்டு. மிஞ்சும் இரண்டை எடுத்து வையுங்கள், வேலை இருக்கிறது. பல் உள்ள ரொட்டிக் கத்தியால், அழுத்தாமல் அறுத்து வெட்டவும். கஸ்டர்ட் வைத்ததை வெட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளிருப்பது பிதுங்கி வழியாது.

டோனட்டை அன்றைக்கே வாங்குங்கள். ஈஸ்ட் போட்டு உப்பிய வகை மறுநாளே வறண்டுவிடும். வெறும் சர்க்கரைப் பாகு பூசியதை மைக்ரோவேவில் எட்டு, பத்து விநாடி வைத்தால் மறுபடி இளகும். அதற்கு மேல் வைத்தால் பாகு உருகித் தட்டோடு போய்விடும்.

பீர் எல்லாவற்றையும் பனிக்கட்டி போலக் குளிரவைக்காதீர்கள். குளிர் கூடினால் வாசம் அடங்கிவிடும். கோதுமை பீரை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றலாம். கறுப்பு பீரான ஸ்டவுட்டை அரை மணி முன்பே வெளியே எடுத்து வையுங்கள். 10 முதல் 13 டிகிரிக்கு வரும்போதுதான் அது வாயைத் திறந்து பேசும்.

இனி வரிசை. தொடக்கம் இலவங்கப்பட்டைச் சர்க்கரை தூவிய டோனட்டும் ஜெர்மன் பாணிக் கோதுமை பீரும். அந்த பீரில் வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வரும். இரண்டையும் யாரும் உள்ளே போடவில்லை, புளிக்கும்போது ஈஸ்ட்டே உண்டாக்குகிறது. கிராம்பும் பட்டையும் எங்கே சந்தித்தாலும் ஒத்துப்போகும்.

அடுத்து ஜாம் டோனட். ஜெர்மனியின் பல பகுதிகளில் இதற்குப் பெயர் பெர்லினர். பெர்லின்காரர்களோ அப்படிச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அது ஃபான்குகன். இதற்கு நான் ஊற்றுவது க்ரீக், பெல்ஜியத்தில் செர்ரிப் பழம் போட்டுப் புளிக்கவைக்கும் லாம்பிக் (காற்றிலுள்ள ஈஸ்ட்டால் தானாகப் புளிக்கும் வகை) பீர். ஐந்தில் எனக்கு மிகப் பிடித்த ஜோடி இதுதான். ஜாமின் திகட்டலைப் புளிப்பு அறுக்கும், எண்ணெய்ப் பிசுக்கை நுரை கழுவும், அடுத்த துண்டுக்குக் கை தானாக நீளும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில க்ரீக் இனிப்புச் சேர்த்து வரும். நமக்கு வேண்டியது புளிப்பானது.

மூன்றாவது, வெறும் பாகு பூசிய டோனட்டும் பிரவுன் ஏல் எனும் மால்ட் சுவை தூக்கலான பழுப்பு பீரும். சண்டை சச்சரவில்லாத ஜோடி, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்காவதில்தான் ஐபிஏவுக்கு இடம், அதுவும் எலுமிச்சை டோனட்டோடு. பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூக்களில் சிட்ரா, காஸ்கேட் போன்ற வகை போட்டதாகப் பாருங்கள். அவற்றின் நாரத்தை, பம்பளிமாஸ் சாயல் வாசம் எலுமிச்சையோடு கைகோக்கும். இதன் கசப்பு நாக்கில் தங்கும் என்பதால்தான் இவ்வளவு தள்ளி வைத்தேன். முடித்ததும் எல்லோரும் தண்ணீர் குடித்து, உப்புக்கடலை நாலு கொறிக்க வேண்டும்.

கடைசியில் சாக்லேட் டோனட்டும் ஸ்டவுட்டும். காபி வாசமும் சாக்லேட் வாசமும் கருக வறுத்த பார்லியிலிருந்தே வருகின்றன. இம்பீரியல் ஸ்டவுட் என்றால் 8 முதல் 12 சதவீதம்வரை ஆல்கஹால் இருக்கும்; பாதி அளவு ஊற்றினால் போதும்.

ருசிக்கும் முறை: முதலில் ஒரு வாய் பீர், பிறகு டோனட், மறுபடி பீர். முதல் வாய்க்கும் மூன்றாவது வாய்க்கும் என்ன மாறியது என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொல்வேன். எழுதிய பிறகே பேச்சு. இல்லாவிட்டால் சத்தமாகப் பேசுகிறவன் கருத்தே எல்லோர் கருத்துமாகிவிடும். இன்னொன்று, மேசையில் டிஷ்யூ தாராளமாக இருக்கட்டும். டோனட் எண்ணெய் பட்ட உதட்டோடு கிளாஸைத் தொட்டால் நுரை அப்படியே அமுங்கிப்போகும். பீர் பழையது போலிருக்கிறதே என்று நான் வெகுநாள் கடைக்காரரைச் சந்தேகித்தேன்; குற்றம் எங்கள் உதட்டில் இருந்திருக்கிறது.

யார் எப்படி வீட்டுக்குப் போவது என்பதை முதல் பாட்டிலைத் திறக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். குடித்தவர் கையில் சாவி கூடாது. வருகிறவர்கள் இனிப்பில்லாத ஏதாவது சாப்பிட்டுவிட்டு வரட்டும். குடிக்காதவருக்கு ஆல்கஹால் இல்லாத கோதுமை பீர் உண்டு. சாக்லேட் டோனட்டுக்குச் சர்க்கரையில்லாத கறுப்புக் காபி ஸ்டவுட்டுக்குச் சளைத்ததில்லை.

எல்லாம் முடிந்ததும், எடுத்து வைத்த பத்துத் துண்டுகளை நடுவில் வைத்து, கிளாஸில் மிச்சமிருக்கும் பீரோடு இஷ்டத்துக்குச் சேர்த்துப் பார்க்க விடுங்கள். ஜாம் டோனட்டும் ஸ்டவுட்டும் அப்படித்தான் எங்களுக்கு அகப்பட்டது. எலுமிச்சைத் துண்டு மட்டும் நடுவுக்கு வந்து சேராது. கஷாயம் என்று சொன்னவன் ஐபிஏ கிளாஸோடு சமையலறையில் நிற்பான்.