ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஃப்ளெக்ஸ் ஒயர் ஓடுகிறதா? கழற்றிப் பாருங்கள்

சீலிங்கை மூடுவதற்கு முந்தின நாள்தான் யாராவது "இங்கேயும் ஒரு லைட் வரட்டும்" என்பார்கள். பைப் போட நேரமில்லாத எலக்ட்ரீஷியன் பக்கத்து லைட்டிலிருந்து ட்வின் ஃப்ளெக்ஸ் ஒயரை (எளிதில் வளையும் இரட்டை ஒயர்) இழுத்து, முறுக்கி, டேப் சுற்றிவிட்டு இறங்கிவிடுவார். லைட்டும் எரியும். அதுதான் சிக்கலே.

ஃப்ளெக்ஸ் ஒயர் கண்ணில் படும் இடத்துக்கானது, தேய்ந்தால் பார்த்து மாற்றலாம். மேலே கிடப்பதை யார் பார்ப்பது? சீலிங்கைத் தாங்கும் ஜிஐ சேனலின் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதன் மேல் கிடக்கும் ஒயரில் ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் ஸ்க்ரூ ஒன்று இறங்கினால் போதும், இரும்புச் சட்டம் முழுக்க கரண்ட் ஏறிவிடும், சட்டத்துக்கு எர்த் இல்லாவிட்டால் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) விழவும் விழாது. எலி வேறு. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 400.12ஆம் பிரிவில், தொங்கு கூரைக்கு மேலே ஃப்ளெக்ஸ் ஒயர் ஓடக்கூடாது என்றே எழுதி வைத்திருக்கிறது.

சோதிப்பது எளிது. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, சில வீடுகளில் அதை நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள், மெயினையே இறக்குங்கள். அப்புறம் ஒரு டவுன்லைட்டை மெதுவாகக் கீழே இழுங்கள். இரு பக்க ஸ்பிரிங்கும் விரலில் அடிக்கும், பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டை வழியாக மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள்: பைப்பில் போகாத ஒயர், டேப் சுற்றிய ஜாயிண்ட், மேலேயே குடியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இதில் எது தெரிந்தாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் நேரம். லைட்டுக்கும் டிரைவருக்கும் (எல்இடிக்கு ஏற்ற கரண்டை மாற்றித் தரும் குட்டிப் பெட்டி) இடையே கம்பெனியே கொடுத்த குட்டை ஒயரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அவரிடம் கேட்க வேண்டியது: லைட் லைனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் எஃப்ஆர் (தீ எளிதில் பரவாத) காப்பர் ஒயர், எர்த்தோடு, பிவிசி பைப்பில். பைப்பை மேல் கான்கிரீட்டில் கிளாம்ப் அடிக்கச் சொல்லுங்கள், சீலிங் மேல் படுக்க வைக்கக் கூடாது. ஜாயிண்ட் எல்லாம் மூடி போட்ட ஜங்ஷன் பாக்ஸுக்குள், கை எட்டும் இடத்தில். லைட் ஓட்டை எட்டாவிட்டால் ஒரு ட்ராப் டோர் (சீலிங்கில் திறந்து மூடும் சின்னக் கதவு) வைக்கலாம், அழகு கெடும் என்று சீலிங்காரர் முணுமுணுப்பார், விடுங்கள். ப்ரொஜெக்டருக்கோ வைஃபை பெட்டிக்கோ சீலிங்குக்குக் கீழேயே தனி சாக்கெட் வேண்டும். மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் கையோடு அதையும் போட்டுவிடுங்கள்.

புதுச் சீலிங் என்றால், போர்டு அடிக்கும் முன் ஒவ்வொரு அறையிலும் பைப் போகும் வழியை டேப் அளவோடு படம் எடுத்து வையுங்கள், நாளைக்குத் துளை போட வருபவருக்குக் காட்டலாம்.