பிஎச்பி மைஅட்மின் நிறுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைஎஸ்க்யூஎல், மரியாடிபி தரவுத்தளங்களை உலாவியிலிருந்தே கையாள உதவும் பிஎச்பி மைஅட்மின், 1998 முதல் புழக்கத்தில் இருக்கிறது. உபுண்டு சர்வரில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். ஆனால் நிறுவியவுடன், தளத்தின் முகவரியோடு அந்தப் பெயரையும் சேர்த்துத் தட்டும் எவருக்கும் உள்நுழைவுப் பக்கம் திறந்துவிடும். அந்த முகவரியைத் தேடித் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக இணையத்தில் அலைகின்றன. உங்கள் சர்வரின் அணுகல் பதிவைத் திறந்து பாருங்கள், அவற்றின் தடம் தெரியும்.

முகவரியை மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. தனியாக ஒரு சப்டொமைன் உருவாக்கி அதன் பெயரிலேயே எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கினால், அந்தப் பெயர் பொதுச் சான்றிதழ்ப் பதிவேடுகளில் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் அங்கே தேடி எடுக்கலாம். என்னைக் கேட்டால், இந்தப் பக்கம் பொது இணையத்துக்குத் தெரியவே கூடாது. சர்வருக்குள்ளிருந்து மட்டும் திறக்கும்படி அமைத்துவிட்டு, உங்கள் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் சுரங்கம் (மறையாக்கப்பட்ட தொலை இணைப்பு) வழியாகப் போங்கள். அலுவலகத்துக்கு நிலையான ஐபி முகவரி இருந்தால் அதை மட்டும் அனுமதிக்கலாம். இந்தத் தடையை எச்டிஅக்சஸ் (.htaccess) கோப்பில் எழுதி நிம்மதி அடைந்துவிடாதீர்கள். என்ஜின்எக்ஸ் வலைச்சர்வர் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. அப்பாச்சி வலைச்சர்வரும் அதன் அமைப்பில் நீங்கள் அனுமதி கொடுத்தால்தான் படிக்கும். தடை வேலை செய்கிறதா என்று மொபைல் டேட்டாவிலிருந்து ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக இயக்கும் கருவி) இயக்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: போர்ட் எண்ணை மட்டும் கொடுத்தால் டாக்கர் அதை எல்லா முகவரிகளிலும் திறந்துவிடும், யுஎஃப்டபிள்யூ தடுப்புச்சுவரையும் தாண்டி. எண்ணுக்கு முன்னால், அந்தச் சர்வரையே குறிக்கும் 127.0.0.1 முகவரியைச் சேர்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு, எல்லா உரிமைகளும் உள்ள ரூட் கணக்கு தொடர்பானது. உபுண்டுவில் தரவுத்தளத்தின் ரூட் பயனர் கடவுச்சொல்லால் நுழைவதில்லை. சர்வரின் ரூட் பயனராக இருந்தால்தான் உள்ளே விடும். அதனால் பிஎச்பி மைஅட்மினில் ரூட் என்று கொடுத்தால் அனுமதி மறுக்கப்படும். உடனே தேடிப் பிடித்த ஒரு கட்டளையால் ரூட்டைக் கடவுச்சொல் முறைக்கு மாற்றிவிடுகிறார்கள். வேண்டுமென்றே வைத்த காப்பை நம் கையாலேயே கழற்றும் செயல் இது. ரூட்டுக்குக் கோப்பு எழுதும் உரிமையும் உண்டு. வலைக்கோப்புறையில் தரவுத்தள நிரலுக்கு எழுத அனுமதி இருந்து, கோப்பு எழுதும் இடத்துக்குக் கட்டுப்பாடும் இல்லை என்றால், உள்ளே நுழைந்தவர் ஒரே வினவலில் அங்கே ஒரு பிஎச்பி கோப்பை எழுதிவிட முடியும். அதன்பின் பறிபோவது தரவு மட்டுமல்ல, சர்வரும்தான். தேவையான ஒரு தரவுத்தளத்துக்கு மட்டும் உரிமை உள்ள தனிப் பயனரை உருவாக்குங்கள். ரூட் நுழைவதைப் பிஎச்பி மைஅட்மினின் அமைப்புக் கோப்பிலேயே தடை செய்யவும் வழி இருக்கிறது.

அதே கோப்பில் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதிவைத்துத் தானாக நுழையும் முறையும் உண்டு. அதைத் தேர்ந்தால் முகவரி தெரிந்த அனைவருமே நிர்வாகிகள்தான். கடவுச்சொல் கேட்டு உள்ளே விடும் குக்கி முறையை வைத்துக்கொண்டு, அதற்கான ரகசியச் சரத்தை (blowfish_secret) 32 பைட் நீளத்தில் தற்செயல் எழுத்துகளால் நிரப்புங்கள். கோப்பைத் திருத்தும் முன் 'பேக்' (.bak) என்ற பின்னொட்டோடு நகல் எடுத்து அங்கேயே விட்டால், வலைச்சர்வர் அதைச் சாதாரண எழுத்தாகவே வெளியே கொடுத்துவிடக்கூடும்.

தரவிறக்கும் இடமும் முக்கியம். 2012இல் சோர்ஸ்ஃபோர்ஜின் ஒரு மிரர் (நகல்) சர்வரில் இருந்த 3.5.2.2 பதிப்புக்குள் யாரோ பின்கதவு, அதாவது திருட்டுத்தனமாக நுழையும் வழி, வைத்திருந்தார்கள். எனவே அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து எடுத்து, கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபாருங்கள். அதன்பின் புதுப்பிக்காமல் விடுவதும் தவறுதான்: 4.8.0, 4.8.1 பதிப்புகளில் 2018இல் தெரியவந்த ஓட்டை, உள்நுழைந்த பயனர் சர்வரின் கோப்புகளைப் பார்க்கவும் இயக்கவும் வழிவிட்டது, 4.8.2இல்தான் அது அடைக்கப்பட்டது.

கையால் நிறுவியவர்கள் 'செட்டப்' கோப்புறையை நீக்கிவிடுங்கள். ஏற்றுமதி செய்த எஸ்க்யூஎல் கோப்புகளை வலைக்கோப்புறையில் வைக்காதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை நகல் எடுக்க மட்டும்தான் இந்தக் கருவி தேவை என்றால், மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையே அந்த வேலையைச் செய்துவிடும். இதை நிறுவவே வேண்டாம்.