கோலாலம்பூரில், பினாங்கில் நிழல் மறையும் நேரத்தைப் பிடிப்பது எப்படி?

மத்தியானத்தில் நிழல் காலடியில் விழும் என்று சொல்வோம், ஆனால் வருஷத்தில் பெரும்பாலான நாள் அது சரியில்லை. சூரியன் தலைக்கு நேர் மேலே வருவது இங்கே வருஷத்துக்கு இரண்டே தடவைதான், அன்றைக்கு நேராக நிற்கிற கம்புக்கு நிழலே இருக்காது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவே வாழ்கிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிற காட்சி இது, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.

கோலாலம்பூருக்கு மார்ச் 28, செப்டம்பர் 15 வாக்கில். பினாங்கு இன்னும் வடக்கே இருப்பதால் ஏப்ரல் 3, செப்டம்பர் 9 வாக்கில்.

தேதியைவிட நேரம்தான் முக்கியம். 12 மணிக்குப் போய் நின்றால் ஒரு மீட்டர் கம்புக்கு ஓரடிக்கு மேல் நிழல் கிடக்கும், ஏனென்றால் நம் கடிகாரம் கிழக்கே 120 பாகை ரேகையின் நேரத்தைக் காட்டுகிறது, கோலாலம்பூர் இருப்பதோ 102 பாகைக்கும் கொஞ்சம் குறைவில். ஒரு பாகைக்கு 4 நிமிஷம் என்று கணக்குப் போட்டால் 73 நிமிஷம் தள்ளிப்போகிறது. (இதில் அரை மணி 1982 ஜனவரி 1-இல் சேர்ந்தது. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்க அன்றைக்குத்தான் தீபகற்பத்தின் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள்.) பூமி சூரியனைச் சுற்றும் வேகம் மாறுவதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் இன்னும் சில நிமிஷம் கூடும், குறையும். ஆக, கோலாலம்பூரில் மார்ச் மாதம் 1:18-க்கும் செப்டம்பரில் 1:08-க்கும் பாருங்கள். பினாங்கில் ஏப்ரலில் 1:22, செப்டம்பரில் 1:16.

மேகம் வந்து மறைத்துவிட்டால் கவலை வேண்டாம், மறுநாள் அதே நேரத்தில் பார்க்கலாம். ஒரு நாள் தவறினால் மீட்டர் கம்பின் நிழல் 7 மில்லிமீட்டர்தான் நீளும், ஆனால் அதே நாளில் 10 நிமிஷம் தாமதித்தால் 4 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். அதனால் கால் மணி நேரம் முன்னாலேயே வெயிலுக்கு வந்துவிடுங்கள்.

கம்பைவிட நல்லது ஒரு துண்டு பிவிசி குழாய். மட்டமான தரையில் வெள்ளைத்தாள் விரித்து அதன்மேல் குழாயை நிறுத்துங்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, குழாய் எல்லாப் பக்கமும் நூலுக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். இதில் சோம்பல் கூடாது, குழாய் ஒரு பாகை சாய்ந்தாலே முடிவு கெட்டுவிடும். அப்புறம் வெளிப்பக்க நிழல் சுருங்கிக்கொண்டே வருவதை நிமிஷத்துக்கு ஒருமுறை பென்சிலால் குறியுங்கள். வெளியே நிழல் இல்லாமல் போகிற அந்த நேரத்தில் குழாயின் உள்ளே வெயில் நேராக இறங்கித் தாளில் முழு வட்டமாக விழும். குழாயை லேசாகத் தூக்கினால் நன்றாகத் தெரியும். சூரியனை நிமிர்ந்து பார்க்காதீர்கள், குழாய் வழியாகப் பார்ப்பது இன்னும் ஆபத்து.

குழாயைத் தூக்கிப் போட்டுவிடாமல் ஜூன் 21 அன்றும் உச்சி நேரத்தில் வைத்துப் பாருங்கள், கோலாலம்பூரில் அது 1:15 வாக்கில் வரும். அப்போது சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால் நிழல் தெற்கே விழும், மீட்டர் உயரத்துக்கு 37 சென்டிமீட்டர். டிசம்பர் 22-இல் அது வடக்கே திரும்பி அரை மீட்டர் நீண்டிருக்கும்.