கழற்றாமல் விட்ட நம்பர் பிளேற்

வட்டக்கச்சியில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். மூன்று கிழமை லீவு. வந்த நாளிலிருந்து ஒருவர் மாறி ஒருவர் வந்து, "பெடியனுக்கு விசா வந்திட்டுது, வாற மாதம் கனடா. ஏதும் புத்தி சொல்லிவிடு தம்பி" என்கிறார்கள். குளிருக்கு என்ன உடுப்பு, எந்தக் கடையில் அரிசி மலிவு, இதையெல்லாம் சொல்ல அங்கே ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். நான் ஒரு றோட்டைப் பற்றியும் ஒரு நம்பர் பிளேற்றைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன். நாலாயிரத்துச் சொச்சம் டொலர் பில்லில் படித்தது, உங்களுக்குச் சும்மா தருகிறேன்.

முதலில் றோட். ரொறொன்ரோவுக்கு வடக்கே, கிழக்கு மேற்காக ஓடுவது 407. பேர்லிங்ரனில் தொடங்கி மார்க்கம் வழியாகப் பிக்கரிங் வரை 108 கிலோமீற்றர் காசு றோட். 1997இல் திறந்தார்கள். 1999இல் மாகாண அரசாங்கம் அதை ஏறக்குறைய 310 கோடி டொலருக்கு 99 வருடக் குத்தகைக்கு ஒரு தனியார் கம்பனிக்குக் கொடுத்துவிட்டது. 99 வருடக் குத்தகை என்றதும் அம்பாந்தோட்டைத் துறைமுகம் ஞாபகம் வந்தால், உங்களில் பிழையில்லை.

இதற்குச் சமாந்தரமாகத் தெற்கே 401 ஓடுகிறது. அது இலவசம். காலை ஏழு மணிக்கு வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற றோட் மாதிரி இருக்கும், பறைச்சத்தம் மட்டும்தான் குறை. ஸ்காபுரோவில் இருந்துகொண்டு பிரம்ரனிலோ மில்ரனிலோ வெயார்ஹவுஸ் வேலைக்குப் போகிற எங்கட பெடியளுக்கு, போனில் இருக்கிற மப் தானாகவே 407ஐக் காட்டும். நாற்பது நிமிடம் மிச்சம் என்று ஆசையும் காட்டும். மப்பில் "ரோல் தவிர்", அதாவது காசு றோட் வேண்டாம், என்று ஒரு பொத்தான் இருக்கிறது. விமானத்தால் இறங்கிய அன்றே அதை அமத்தி வையுங்கள்.

இங்கே கட்டுநாயக்காவிலிருந்து கொழும்புக்கு ஹைவேயால் போயிருப்பீர்கள். வாயிலில் ஒரு பெட்டிக்கடை மாதிரிக் கூடு, உள்ளே ஒரு ஆள், துண்டு, வெளியேறும்போது காசு, மிச்சம். காசு வாங்குகிற றோட் என்றால் மறிப்பார்கள், அதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு. 407இல் கூடும் இல்லை, தடியும் இல்லை, ஆளும் இல்லை. ஏறுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும் தலைக்கு மேலே இரும்புச் சட்டம் ஒன்று நிற்கும், அதில் கமராவும் அன்ரெனாவும். கண்ணாடியில் ரான்ஸ்பொண்டர் என்கிற சின்னப் பெட்டி ஒட்டியிருந்தால் அதை வாசிக்கும். பெட்டி இல்லாவிட்டால் பின்பக்க நம்பர் பிளேற்றைப் படமெடுத்து, எழுத்தையும் இலக்கத்தையும் கம்பியூட்டர் வாசித்து, அந்த நம்பர் யாருடைய பெயரில் பதிந்திருக்கிறதோ அவருடைய விலாசத்துக்குப் பில் போகும். பெட்டி இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் கமராக் காசு என்று மேலதிகமாக ஒரு தொகை விழும். நேரத்துக்கு ஒரு விலை, பகுதிக்கு ஒரு விலை, போகிற திசைக்கு ஒரு விலை. ஐந்து தொன்னுக்கு மேற்பட்ட வாகனம் என்றால் பெட்டி கட்டாயம்.

ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற ஆட்கள் நாங்கள். நம்பரைக் கொப்பியில் ஒருவன் எழுதி முடிக்கும் வரை வாகனம் அசையாது. அப்படி வளர்ந்தவனுக்கு, நூறில் ஓடும்போதே தன்னுடைய நம்பரை ஒரு கம்பம் எழுதிவிட்டது என்று எப்படி உறைக்கும்? ஒருவரும் மறிக்கவில்லை, அதனால் ஒன்றும் நடக்கவில்லை. முதல் மாதம் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம்.

சரி, இனி என் கதை. அதற்கு முன் ஐயாவின் உழவு இயந்திரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஐயாவிடம் ஒரு பழைய மெசி இருந்தது. ஊரில் யாரும் அதை மெசி என்று சொல்வதில்லை. நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து "நாற்பத்தொன்று" என்றுதான் சொல்வார்கள். "நாற்பத்தொன்று வயலுக்கை நிக்குது", "நாற்பத்தொன்றுக்கு ரயர் வெடிச்சிட்டுது". ஐயாவையே சிலர் நாற்பத்தொன்றர் என்றுதான் கூப்பிட்டார்கள். 2009இல் எல்லோரையும் போல அதையும் விட்டுவிட்டு வந்தோம். பிறகு முகாமால் வெளியே வந்ததும், கறள் பிடித்துக் குவிந்து கிடந்த வாகனங்களுக்குள் ஐயா அந்த நம்பரைத்தான் தேடினார். நிறமும் இல்லை, சில்லும் இல்லை, நம்பர் இருந்தால் போதும், அது எங்களுடையதுதான். கிடைக்கவில்லை. நம்பர் என்றால் வாகனத்தின் உயிர் என்று எனக்குள் இறங்கியது அங்கேதான். கை மாறினாலும், பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரில் நாலு பேருக்கு விற்றுப்பட்டாலும், நம்பர் வாகனத்தோடு போகும். ஊரில் ஓடுகிற மோட்டார் சைக்கிளில் பாதிக்கு, புத்தகத்தில் இருக்கிற பெயரை ஓட்டுகிறவன் கண்டதே கிடையாது.

ரொறொன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் அப்படி இல்லை. இதை இரண்டு தரம் வாசியுங்கள்: அங்கே நம்பர் பிளேற் ஆளுக்குச் சொந்தம். காரை விற்றால் பிளேற்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டும். அடுத்த காருக்கு அதையே பூட்டலாம். வாங்குகிறவன் தன்னுடைய பிளேற்றைக் கொண்டுவந்து பூட்டவேண்டும்.

2017 ஐப்பசியில் என் பழைய கொரோலாவை 1,400 டொலருக்கு விற்றேன். வாங்கினவன் புளியம்பொக்கணைப் பக்கத்துப் பெடியன், வந்து ஆறு மாதம். சனிக்கிழமை பின்னேரம், ஸ்காபுரோவில் நாங்கள் இருந்த மாடிவீட்டின் நிலக்கீழ்ப் பார்க்கிங்கில் காசை எண்ணித் தந்தான். கடுதாசியில் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். பின் பிளேற்றின் இடப்பக்கத் திருகாணி எப்போதோ விழுந்து, கட்டுக்கம்பி போட்டு முறுக்கி வைத்திருந்தேன். கழற்றலாம் என்று குனிந்தேன். குறடு கையில் இல்லை. "விடுங்கோ அண்ணை, திங்கக்கிழமை நான் போய் மாத்துறன், அதுவரைக்கும் ஓடட்டும்" என்றான். எங்கட பெடியன், நல்ல பெடியன். விட்டேன்.

அவன் திங்கட்கிழமையும் போகவில்லை, அதற்கடுத்த திங்கட்கிழமையும் போகவில்லை. அந்தக் கிழமையே பிரம்ரனில் வேலை கிடைத்துவிட்டது. மூன்று மாதம், கிழமைக்கு ஐந்து நாள், போகவும் வரவும் 407. நானும் அடுத்த மாதமே ஏஜக்ஸுக்கு வீடு மாறிவிட்டேன், வாகனப் பதிவில் விலாசம் மாற்றவில்லை. பில்கள் எல்லாம் பழைய வீட்டுக் கடிதப் பெட்டிக்குள் ஒழுங்காகப் போய் விழுந்துகொண்டிருந்தன. வட்டியும் ஏறிக்கொண்டிருந்தது. கம்பனிக்காரரில் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. பதிந்த ஆளுக்கு, பதிந்த விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

2018 ஆடியில், மனைவிக்கு ஏழாம் மாதம், ஒரு வான் வாங்கிப் பதியப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "உங்களுக்குப் பிளேற் தர முடியாது, 407க்குக் காசு நிலுவை" என்றாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் வாழ்க்கையில் அந்த றோட்டில் நான் நாலு தரம் ஏறியிருந்தால் அதிகம். பிறகு விசாரித்து எடுத்த படத்தைப் பார்த்தேன். இரவு நேரம், பின் பிளேற் வெளிச்சத்தில் பளிச்சென்று இருக்கிறது, இடப்பக்க ஓட்டையில் நான் முறுக்கிய கட்டுக்கம்பி, நுனி மேலே வளைந்தபடி. அதற்குப் பிறகு என்ன வாதாடுவது?

பெடியனுக்கு அடித்தேன். அவன் ஏமாற்றுக்காரன் இல்லை, அதுதான் எரிச்சல். "காருக்குத்தானே அண்ணை பில் வரும்? எனக்கு ஒண்டும் வரேல்லை, அப்ப சும்மா றோட் எண்டு நினைச்சன்" என்றான். நான் பிளேற்றை விட்டதும் அவன் பில்லைத் தேடாததும் ஒரே பழக்கத்தில் வந்த பிழை. சீட்டை எடுத்துப் பாதிக்கு மேல் தந்தான். மிச்சத்தை நான் கட்டினேன். மொத்தம், விற்ற காசைப்போல மூன்று மடங்கு. என் பெயரில் பதிந்திருந்த காரால் அவன் யாரையாவது இடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் அடிவயிறு குளிர்கிறது. அவனிடம் அந்தக் காருக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

இந்தக் காசைக் கட்டாமல் தப்பலாம் என்று சொல்லுகிற ஆட்கள் கோப்பிக் கடை வாசலில் எப்போதும் இருவர் நிற்பார்கள். நம்பவேண்டாம். பில் கட்டாமல் நாள் கடந்தால் கம்பனி மாகாண வாகனப் பதிவாளருக்கு அறிவிக்கும். அதற்குப் பிறகு பிளேற்றைப் புதுப்பிக்கவும் முடியாது, புதிதாக எடுக்கவும் முடியாது. "இப்ப ஸ்டிக்கரே இல்லைத்தானே" என்பார்கள். பிளேற்றில் ஒட்டுகிற புதுப்பித்தல் ஸ்டிக்கரை 2022இல் நிறுத்தினார்கள், 2024 யூலையிலிருந்து புதுப்பித்தலும் தானாக நடக்கிறது, உண்மைதான். ஆனால் ரோல் பாக்கி உள்ளவனுக்குத் தானாக நடக்காது. காலாவதியான பிளேற்றோடு ஓடினால், நம்பர் வாசிக்கிற கமரா இப்போது பொலிஸ் கார்களிலும் இருக்கிறது. 2015இல் கனடா உச்ச நீதிமன்றம், வங்குரோத்தில் தீர்ந்துபோன கடனுக்காகப் பிளேற்றை மறிக்கக்கூடாது என்று தீர்த்தது. அதற்காக வங்குரோத்து அடிக்கிறேன் என்று வெளிக்கிடாதீர்கள்.

காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விற்கும்போது வாகனத்தின் விபரப் பொதியை இருபது டொலருக்கு எடுத்து வாங்குகிறவனிடம் கொடுக்கவேண்டும். பதிவுக் கடுதாசி இரண்டு பகுதி: வாகனப் பகுதியில் கையெழுத்து வைத்து அவனுக்கு, பிளேற் பகுதி உங்களுக்கு. விற்றுவிட்டேன் என்று சேர்விஸ் ஒன்ராறியோ என்கிற அரசாங்கக் கந்தோரில் நீங்களும் போய்ப் பதியுங்கள். வீடு மாறினால் ஆறு நாளுக்குள் விலாசம் மாற்றவேண்டும். லைசென்ஸில் மாற்றிவிட்டு அதோடு முடிந்தது என்று இருக்காமல், வாகனப் பதிவிலும் மாறிவிட்டதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ரான்ஸ்பொண்டர் பெட்டியையும் காரோடு விற்றுவிடாதீர்கள், அதுவும் உங்கள் கணக்கு. குறடும் திருகாணி கழற்றுகிறதும் காருக்குள் எப்போதும் கிடக்கட்டும்.

இரவல் காரும் இதே சங்கதிதான். சித்தப்பாவின் காரை எடுத்துக்கொண்டு ஒரு நாள் 407இல் பறந்தால் பில் சித்தப்பாவுக்குத்தான் போகும், அதுவும் நீங்கள் மறந்துபோன பிறகு. கலியாண வீட்டில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் காரணம் தேடவேண்டாம். வாடகைக் கார் என்றால் ரோல் காசோடு அவர்களுடைய கூலியும் சேர்ந்து உங்கள் கார்டில் விழும்.

பிக்கரிங், ஏஜக்ஸ் பக்கம் குடியேறுகிறவர்களுக்கு இன்னொன்று. பிக்கரிங்கில் புறொக் வீதிக்குக் கிழக்கே 407 மாகாணத்துடையது, 2025 யூன் 1இலிருந்து அங்கே காசு இல்லை. மேற்கே திரும்பினால் காசு. ஒரே றோட், ஒரே நம்பர். "407 இப்ப சும்மாவாம்" என்று யாரோ பாதிக் கதையைக் கேட்டுவிட்டு வந்து உங்களுக்கும் சொல்வார்கள்.

கனடாவுக்கு வராமல் வேறு பக்கம் போகிறவர்களும் இந்த வீட்டுக்கு வருகிறார்கள், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. லண்டனுக்குக் கிழக்கே டார்ட்ஃபோர்டில் தேம்ஸ் ஆற்றைக் கடக்க 2014 கடைசியிலிருந்து கூடு கிடையாது. அடுத்த நாள் நள்ளிரவுக்குள் நீங்களாகவே ஒன்லைனில் கட்டவேண்டும். விட்டால் தண்டம் வீடு தேடி வரும். அங்கே நம்பர் எங்கட ஊர் மாதிரிக் காரோடு போகும், ஆனாலும் விற்றதை உடனே அறிவிக்கவேண்டும். சுவிஸில் பிளேற் ஆளுக்குத்தான். ஹைவேயில் ஓட வாங்குகிற நாற்பது பிராங் வின்யெத்தை 2023இலிருந்து ஒன்லைனிலும் வாங்கலாம், அது பிளேற் நம்பரோடு கட்டுப்பட்டது, கண்ணாடியில் ஒட்டுகிறது காரோடு கட்டுப்பட்டது. போகிற நாட்டில் இறங்கியதும் முதலில் கேட்கவேண்டியது, நம்பர் காருக்கா ஆளுக்கா என்று.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க, வாற மாதம் போகிற மருமகன் பக்கத்தில் வந்து குந்தியிருந்து முழுவதையும் வாசித்தான். கட்டுக்கம்பியையும் வாசித்தான், கவுண்டரையும் வாசித்தான். கடைசியில் ஒரேயொரு கேள்வி.

"மறிக்க ஆளில்லாத றோட் எண்டால், எவ்வளவு வேகத்தில ஓடலாம் மாமா?"

நூறு. பொலிஸ் அங்கேயும் நிற்கும்.