மணல் கிணத்துல எவ்வளவு இறைக்கலாம்? கடலோரத் தோப்புக்காரங்களுக்கு ஒரு கணக்கு

ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம் பக்கமோ சாயல்குடி பக்கமோ கடலோரமா தோப்பு வச்சிருக்கவங்க எல்லாரும் கேக்குறது "எத்தனை எச்பி மோட்டார் போடலாம்"னுதான், ஆனா நம்ம மண்ணுக்கு அந்தக் கேள்வி பத்தாது, மோட்டார் ஓடும்போது கிணத்துத் தண்ணி கடல் மட்டத்துக்கு மேல எத்தனை செண்டி நிக்குதுன்னுதான் பாக்கணும். மணல்ல ஊத்து தோண்டி சிரட்டையால மோந்து குடத்துல ஊத்துற அக்காக்களைப் பாத்திருப்பீங்க, ஊறுற அளவுக்குத்தான் மோப்பாங்க, அதைத்தான் இப்ப நம்பர்ல போடப் போறோம்.

மேல மணல், அடியில களி, நடுவுல தண்ணி, மேல மூடி எதுவும் கிடையாது. இறைச்சா கிணத்தைச் சுத்தித் தண்ணி மட்டம் புனல் மாதிரி குழியும். கிணத்துக்கிட்ட வரவர தண்ணி வர்ற வட்டமும் சுருங்குது, தண்ணி நிக்கிற உயரமும் குறையுது, அதனாலதான் கணக்குல உயரத்தோட ஸ்கொயர் வருது. 1863ல டுப்புயிங்கிற பிரெஞ்சு இன்ஜினியர் போட்ட கணக்கு இது, 1906ல தீம்ங்கிற ஜெர்மன் இன்ஜினியர் அதை வச்சு கிணத்தைச் சோதிக்கிற முறையைக் கொண்டுவந்தார்.

முதல் வேலை, கிணத்து நடுவுலருந்து 2 மீட்டர்லயும் 8 மீட்டர்லயும் களி வரைக்கும் பிவிசி பைப் ரெண்டு இறக்குங்க, அடிப்பக்கம் ரம்பத்தால கீறி நைலான் வலை சுத்திக்கோங்க, இல்லன்னா மணல் ஏறிடும். அளக்குறதுக்கு இரும்பு டேப்புல கடைசி அரை மீட்டருக்குச் சாக்பீஸ் நல்லாத் தேய்ச்சு இறக்கணும், வெளிய எடுத்தா நனைஞ்ச இடம் கருத்து கோடு மாதிரி தெரியும், இதைவிட நம்பிக்கையான கருவி எனக்குத் தெரியல.

ஒரு உதாரணம் பாப்போம். இறைக்காதப்ப களிக்கு மேல தண்ணி 7.9 மீட்டர். மணிக்கு 4,000 லிட்டர், அதாவது நாளைக்கு 96 கன மீட்டர், ஒரு நாள் பூரா நிப்பாட்டாம ஓட்டுறோம். மட்டம் இறங்குறது ரொம்ப மெதுவானதும் அளக்குறோம், 2 மீட்டர் பைப்புல 7.5, 8 மீட்டர் பைப்புல 7.7.

கே = கியூ × எல்என்(ஆர்2 ÷ ஆர்1) ÷ (பை × (எச்2² − எச்1²))

கியூன்னா நாளைக்கு இறைக்கிற கன மீட்டர், ஆர்1, ஆர்2 கிணத்து நடுவுலருந்து ரெண்டு பைப்பும் இருக்க தூரம், எச்1, எச்2 அந்தப் பைப்புகள்ல களிக்கு மேல நிக்கிற தண்ணி, எல்என் கால்குலேட்டர்ல ln பட்டன், பை 3.14.

96 × எல்என்(4) = 133. கீழ, 59.29 − 56.25 = 3.04, அதை பையால பெருக்குனா 9.55. வகுத்தா கே நாளைக்கு 14 மீட்டர், இதுதான் உங்க மணல் தண்ணி விடுற வேகம். களி வரைக்கும் போன கிணத்துக்குத்தான் இது சரியா வரும், பாதியில நிக்கிற உறைகிணறுன்னா கே நிஜத்தைவிடக் கம்மியாக் காட்டும்.

அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டா 1 மீட்டர் அகல உறைகிணத்துல தண்ணி 7.29க்கு வந்திருக்கும், 61 செண்டி இறக்கம். இதுல என்ன இருக்குன்னு விட்றாதீங்க.

கொத்தனார்கிட்ட இருக்க டியூப் லெவலை, அதாவது தண்ணி ஊத்தி மட்டம் பாக்குற கண்ணாடி டியூபை வச்சு, கடல் ஏறுன கோட்டுக்கும் வத்துன கோட்டுக்கும் நடுவுலருந்து கிணத்து மேட்டு வரைக்கும் மட்டம் பிடிங்க. சும்மா இருக்கப்ப கிணத்துத் தண்ணி கடலைவிட 50 செண்டி மேலன்னு வச்சுக்குவோம், அப்ப களி கடல் மட்டத்துக்கு 7.4 மீட்டர் கீழ இருக்கு. உப்புத்தண்ணி கனம், நல்ல தண்ணி அதுமேல மிதக்குது, கடலுக்கு மேல 1 மீட்டர் நல்ல தண்ணி நின்னா கீழ சுமார் 40 மீட்டர் நல்ல தண்ணி தாங்கும், டச்சுக்காரர் கைபென், ஜெர்மன்காரர் எர்ஸ்பெர்க் ரெண்டு பேரும் தனித்தனியாக் கண்டது. நம்ம 50 செண்டிக்கு 20 மீட்டர், களியைத் தாண்டிடுது, உப்பு ஏற வழியில்ல. 4,000 லிட்டர் ஓட்டுனா 61 செண்டி இறங்கி மட்டம் கடலுக்கே கீழ போயிடுது, இப்படியே தினமும் ஓட்டுனா உப்பு ஏறத்தான் செய்யும். 2,000 லிட்டர்னா 30 செண்டி இறக்கம், மிச்சம் 20, அது தாங்குறது 8 மீட்டர், களிக்கு அரை மீட்டர்தான் கூட, நூலிழை. 1,000 லிட்டர்னா 15 செண்டிதான் இறங்கும், மிச்சம் 35, அது 14 மீட்டர் தாங்கும், தாராளம்.

இது ஒரு நாள் ஓட்டத்துக் கணக்கு, வாரக்கணக்குல ஓட்டுனா குழி இன்னும் அகலமாகும், அதனால நூலிழையை நம்பாதீங்க. 4,000 வேணும்னா ஒரே கிணத்துல இழுக்காம ஆளுக்கு 1,000 லிட்டரா நாலு கிணறு தள்ளித் தள்ளிப் போடுங்க, இந்தக் கணக்குல குழி 33 மீட்டர் வரைக்கும் போகுது, அதனால ரெண்டு கிணத்துக்கு நடுவுல அதைப்போல ரெண்டு மடங்காவது விடுங்க. அளவை மழை முடிஞ்ச மார்கழியில எடுக்காதீங்க, ஐப்பசி மழைக்கு முன்னாடி புரட்டாசியில, தண்ணி ஆகக் கீழ இருக்கப்ப எடுங்க.