'லுக் ஃபார்வர்ட் டு': மெயிலின் கடைசி வரியைப் பிழையில்லாமல் எழுத

கன்னியாகுமரியில் ஹோம்ஸ்டே நடத்துபவரோ, தோவாளையிலிருந்து பூ அனுப்பும் வியாபாரியோ, வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கும் மார்த்தாண்டத்துப் பெண்ணோ, இங்கிலீஷில் மெயில் எழுதினால் பெரும்பாலும் 'லுக் ஃபார்வர்ட் டு' (ஆவலோடு எதிர்பார்க்கிறேன்) என்றுதான் முடிப்பார்கள். நல்ல வரிதான். ஆனால் 'டு'வுக்குப் பிறகு வரும் சொல்லில் பலருக்கும் கால் இடறும்.

முதலில் ஒரு மெயிலை எடுத்துக்கொள்வோம். சித்ரா பௌர்ணமிக்குக் குடும்பத்தோடு வருவதாகப் புனேக்காரர் ஒருவர் எழுதுகிறார். சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் ஒரே மாலையில் பார்க்கணுமாம். ஹோம்ஸ்டேக்காரர் பதில் போடுகிறார்: 'வீ லுக் ஃபார்வர்ட் டு வெல்கம் யூ.' இது தவறு. 'வெல்கமிங் யூ' என்று வரவேண்டும்.

ஏன்? 'ஐ வான்ட் டு கோ' என்பதில் வரும் 'டு' வேறு, இது வேறு. இந்த 'டு' நம் நான்காம் வேற்றுமை 'கு' மாதிரி, பெயர்ச்சொல்லோடுதான் சேரும். 'வா' என்பதோடு 'கு' ஒட்டாது. அதை 'வருவது' என்று தொழிற்பெயர் ஆக்கினால்தான் 'வருவதற்கு' கிடைக்கும். இங்கிலீஷில் அந்த வேலையைச் செய்வது 'இங்'. ஆகவே 'டு மீட்டிங் யூ', 'டு ஹியரிங் ஃப்ரம் யூ'. எழுதும்போது எழுத்தையும் கவனியுங்கள்: 'வெல்கமிங்'கில் கடைசி 'இ' உதிர்ந்துவிடும், 'சீயிங்'கில் இரண்டு 'இ'யும் அப்படியே நிற்கும்.

பெயர்ச்சொல்லே இருந்தால் 'இங்' தேவையில்லை. பூ வியாபாரி 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ஆர்டர்' என்று எழுதலாம். தடுமாற்றமாக இருந்தால் இப்படி எழுதித் தப்பித்துக்கொள்ளுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அடுத்து, சோதித்துப் பாருங்கள். 'டு'வுக்குப் பின்னால் 'இட்' போட்டால் வாக்கியம் நிற்கிறதா? 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' நிற்கும். அப்படியானால் 'இங்' வேண்டும். 'ஐ வான்ட் டு இட்' நிற்காது. அங்கே வெறும் வினைச்சொல் போதும். 'ஐ ஆம் யூஸ்ட் டு', 'ஐ அப்ஜெக்ட் டு' ஆகியவற்றுக்கும் இதே சோதனைதான்.

'டு'வை விட்டுவிட்டு 'லுக்கிங் ஃபார்வர்ட் யுவர் ரிப்ளை' என்று எழுதுவதும், அதன் இடத்தில் 'ஃபார்' போடுவதும் பிழையே. 'ஃபார்வர்ட்' ஒரே சொல். நடுவில் 'இ' நுழைந்து, 'ஏ' இருக்கும் இடத்தில் 'ஓ'வும் வந்துவிட்டால் அது புத்தகத்துக்கு எழுதும் அணிந்துரை ஆகிவிடும்!

வேலை விண்ணப்பத்தில் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு' கம்பீரமாக இருக்கும். 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு' கொஞ்சம் நெருக்கமானது, விருந்தாளிக்குப் பொருந்தும். எழுவாயே இல்லாமல் 'லுக்கிங் ஃபார்வர்ட்' என்று தொடங்குவது வாட்ஸ்அப்போடு இருக்கட்டும்.

ஆவலோடு எதிர்பார்ப்பதற்குத்தான் இந்தத் தொடர். துக்கம் விசாரிக்கும் கடிதத்தில் வைக்கவே கூடாது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும்போதும் வேண்டாம். அங்கே 'ப்ளீஸ் ரீஃபண்ட் த அட்வான்ஸ் பை ஃப்ரைடே' என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.